ஆதாரத்தோடு இறந்தவர்

பொருந்தாத உறையைக் கைப்பேசிக்குப் போடக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்வேன். சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டி, பை, கைப்பேசி உறை விற்கிறவன் நான். ஆனால் விற்காமல் தங்கிப்போன சரக்கைக் கடைசியில் முதலாளிதான் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நான் கட்டிக்கொண்டது, மடக்கி மூடும் மாதிரியில் காப்பிக்கொட்டை நிற உறை ஒன்று. திறந்து பின்பக்கம் மடக்கினால் அதன் மடல் போய்க் கேமராவின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

சேந்தமங்கலத்தில் அங்கமுத்து ஐயாவை நான் எடுத்த அத்தனை படங்களிலும் அந்த மடல்தான் விழுந்திருந்தது. வீட்டுக்குள் மின்சாரம் இல்லை என்று அவரை வெளியே நிற்க வைத்திருந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் சலவைச் சட்டை போட்டு, டை கட்டி, "இப்படித் திரும்பட்டுங்களா, அப்படித் திரும்பட்டுங்களா" என்று கேட்டுக் கேட்டு நின்றார். நானும் பெரிய ஸ்டுடியோக்காரன் மாதிரி முட்டி போட்டெல்லாம் எடுத்தேன். சேலம் வந்து பார்த்தால் படத்துக்குப் படம் காப்பிக்கொட்டை நிறப் பாலைவனம். ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஒரு காது.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதும்படி நிர்வாகிகள் மூவரும் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கம் அந்தக் காதுதான்.

இந்த விசாரணைப் பக்கத்தை வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம்முடைய இணையக் கலைக்களஞ்சியத்தில் யாரும் எழுதலாம்; சம்பளம் கிடையாது; சண்டை உண்டு. அதில் நான் நடத்தி வந்த திட்டத்தின் பெயர் 'பிரித்தானிய வீட்டுக் கணினிகள்'. எண்பதுகளில் இங்கிலாந்துக்காரர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் சொருகிப் பயன்படுத்திய சின்னக் கணினிகள் அவை. ரப்பர் பொத்தான் வைத்த ஸ்பெக்ட்ரம், பள்ளிக்கூடங்களுக்கென்றே வந்த பிபிசி மைக்ரோ, ஓரிக், டிராகன், ஜூப்பிட்டர் ஏஸ். "சேலத்துக்காரனுக்கு இது எதுக்கு பாய்?" என்று கேட்காத ஆள் இல்லை. கோயில்களைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. நடிகர்களைப் பற்றி எழுத நாடே இருக்கிறது. ஜூப்பிட்டர் ஏஸுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்த மாதிரி நாதியற்ற பொருள்கள் மேல் ஒரு பாசம். என் கடைச் சரக்கைப் பார்த்தாலே அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் கூடுவோம். தட்டுவடை செட்டும் தேநீரும் என் செலவு. தவறாமல் வந்தவர்கள் இருவர். ஒருவர் நாமக்கல் மலர்விழி. கோழிப்பண்ணைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறவர், ஆதாரம் இல்லாத ஒரு வரியையும் உயிரோடு விடமாட்டார். இன்னொருவர் திருச்செங்கோடு அறிவழகன்; போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்பவர், கைக்கு வந்ததை எழுதிவிட்டு அப்புறம் யோசிப்பார். டிராகன் 32 என்ற கணினிக்கு அவர் வைத்த தலைப்பு 'யாளி 32'.

"யாளியா? இதென்னங்க கூத்து?" என்றார் மலர்விழி.

"டிராகனுக்கு நம்மூரு ஆளு யாளிதானுங்களே. தமிழ்க் களஞ்சியந்தானுங்க நடத்தறோம்?"

"அப்ப பிபிசி மைக்ரோ செஞ்ச ஏகார்ன் கம்பெனிய என்னன்னு போடுவீங்க?"

"ஓக்கு மரத்துக் கொட்டை கம்பெனின்னு காலைலயே போட்டுட்டனுங்க."

மலர்விழி அன்று முழுக்கக் கொட்டைகளைப் பொறுக்கினார். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் எழுத, ஒருவர் அழிக்க, நான் தேநீர் ஊற்ற. திட்டத்தை இழுத்து மூடிவிடலாமா என்று நான் யோசித்த வாரத்தில், பழைய பத்திரிகை ஒன்றில் மலர்விழி ஒரு படத்தைக் கண்டுபிடித்தார். மீசை வைத்த இளம் ஆசிரியர் ஒருவர் பிபிசி மைக்ரோவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் தமிழ் எழுத்து. நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியராக இருந்த அங்கமுத்து என்று கீழே போட்டிருந்தது. இங்கிலாந்துக் கணினிக்கும் நாமக்கல் மண்ணுக்கும் ஒரு முடிச்சு கிடைத்துவிட்டது. ஓய்வூதியக்காரர்கள் சங்கத்தில் விசாரித்து, அவர் சேந்தமங்கலத்தில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துப் போனேன்.

அடக்கமான பெரியவர் என்று எண்ணிவிட வேண்டாம். தற்பெருமையும் முன்கோபமும் சரிபாதி கலந்து செய்த மனிதர். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தமிழ் எழுத்தை அடைத்த கதையை எனக்குத் தேநீர்கூடத் தராமல் சொன்னார். "'அ' ஒரு கட்டத்துல அடங்குலீங்க. ரெண்டு கட்டம் குடுத்தேன். 'ஔ'வுக்கு மூணு. ஔவையாருக்கு அதியமான்கூட அத்தன எடம் குடுத்திருக்க மாட்டான்."

கட்டுரை எழுத ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"நான் சேந்தமங்கலத்துல இருக்கறேன்னு போடோணுமுங்க. தெருவோட போட்டாலுஞ் சரி."

தெரு போடும் வழக்கம் இல்லை என்றேன்.

"ஊராச்சும் போடுங்க பாய். எம்புள்ள கயல்விழி பெங்களூர்ல எங்கியோ இருக்கறா. அவ அம்மா செத்தன்னைக்கு, எழவு ஊட்டுல வெச்சு, இனி என்ற மூஞ்சில முழிக்காதன்னு சொல்லிப்போட்டேன். பொறவு பரமத்தி வேலூர் ஊட்ட வித்தேன், போன் நம்பர மாத்துனேன். எல்லாம் வீம்பு. இப்ப அவ நம்பரு எனக்குத் தெரியாது, என்ற நம்பரு அவளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல எம்பேரத் தட்டுனாள்னா இது வருமில்லீங்க?"

"வரும்" என்றேன். "நான் வேண்டுமானால் விசாரித்துப் பார்க்கட்டுமா?" என்றும் கேட்டேன்.

"வேண்டாமுங்க. நாம தேடிப் போனா நாம எறங்குன மாதிரி. அவளாத் தேடி வரட்டும்." வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது, "தேடுனா மொதல்ல இதுதான வரும்?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

ஆக, அவர் எதற்காக டை கட்டினார் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இந்த வாக்குமூலத்தில் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

கட்டுரை நன்றாகவே வந்தது. 'தற்போது சேந்தமங்கலத்தில் வசிக்கிறார்' என்ற வரியை நான்தான் எழுதினேன். என் படங்கள் பாழாகிவிட்டதால் அந்தப் பழைய பத்திரிகைப் படத்தையே போட்டேன். மறுநாள் உங்களில் ஒருவர் அதன் மேல் அறிவிப்பு ஒட்டினீர்கள். பதிப்புரிமை உள்ள படத்தை, உயிரோடு இருக்கிறவரின் கட்டுரையில் பயன்படுத்தக் கூடாது; உயிரோடு இருந்தால் யாராவது போய்ப் புதிதாக எடுக்கலாமே. இறந்தவர் என்றால் பரவாயில்லை, இனி எடுக்க வழியில்லை அல்லவா. விதி நியாயமானது. ஒரு வாரத்தில் படம் நீக்கப்படும் என்று எழுதியிருந்தீர்கள். படம் போனால், திங்கட்கிழமை முதற்பக்கத்தில் வருவதாக இருந்த கட்டுரையும் போய்விடும்.

திரும்பப் போய் எடுத்திருக்கலாமே என்பீர்கள். சேந்தமங்கலம் ஒன்றும் சீமையில் இல்லை. நாமக்கல்லில் இறங்கி வேறு பேருந்து ஏறினால் போதும். சிக்கல் தூரத்தில் இல்லை. "படமெல்லாம் பிரமாதமா வந்திருக்குங்கய்யா, இருபது வயசு கொறஞ்சு தெரியுது" என்று போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன். அவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்திருப்பார். ஒரு முதியவரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு இளகிய மனது. என் மனைவி சபீஹாவைக் கேட்டால் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அங்கமுத்து கட்டுரையில் 'இறப்பு' என்ற பெட்டியில் நடப்பு ஆண்டை இட்டேன். மாதமும் தேதியும் போடவில்லை. போட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. சேந்தமங்கலம் வரியையும் எடுத்துவிட்டேன். இறந்தவர் எங்கேயும் வசிப்பதில்லை. செய்வதைத் திருந்தச் செய்கிறவன் நான். திங்கட்கிழமை கழிந்ததும் அவரை மறுபடி உயிர்ப்பித்துவிடலாம் என்பது கணக்கு. அதற்குள் ஒருவர் பயணப்பெட்டியின் சக்கரம் கழன்றுவிட்டது என்று வந்தார். மாட்டிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு மாலை நாளிதழில், 'கணினியில் தமிழ் எழுதிய சேந்தமங்கலம் ஆசிரியர் மறைவு' என்று இரண்டு பத்திச் செய்தி. நம் பக்கத்தைப் பார்த்து எழுதியதுதான். ஊர்ப் பெயரை மட்டும் எங்கேயோ விசாரித்திருக்கிறார்கள். ஆளை விசாரிக்கவில்லை. புதன்கிழமை மலர்விழி அந்தச் செய்தியைக் கட்டுரையில் மேற்கோளாகச் சேர்த்து, 'இறப்புக்கு ஆதாரம் தரப்பட்டது' என்று குறிப்பெழுதினார். நாங்கள் சொன்னதை அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால் நாங்கள் சொன்னது உண்மையாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த உண்மைக்கும் இவ்வளவு நல்ல ஆதாரம் இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை மாடி கொள்ளவில்லை. மல்லூர், ராசிபுரம், ஆத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் வந்தார்கள். உயிரோடு இருந்த அங்கமுத்துவால் வராத கூட்டம். அறிவழகன் அதற்கு 'அங்கமுத்து நினைவுத் தொகுப்பு இயக்கம்' என்று பெயர் வைத்துப் பேனரே அடித்துவிட்டார். ஸ்பெக்ட்ரம் கட்டுரை மூன்று மடங்கானது. யாளி தானாக டிராகன் ஆனது. ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தோம். மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாசம் முந்திப் போயிருந்தா நானும் அவர நேர்ல பாத்திருப்பேனுங்கண்ணா" என்றார். அந்த இடத்தில், "அவர் காலையில்தான் எனக்குப் போன் செய்தார்" என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

காலையில் போன் செய்திருந்தார்.

"ஏனுங் பாய், நான் செத்துட்டனாமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எவனோ விஷமி மாற்றிவிட்டான், விசாரணை நடக்கிறது, சரியாகிவிடும் என்றேன்.

"வெரசா பண்ணுங்க. எம்புள்ள பாத்துப்போடப் போறா."

அவர் பொறுமையான ஆள் இல்லை என்று முன்பே சொன்னேன். இரண்டு நாளில் அவரே ஒரு கணக்கைத் தொடங்கி, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று கட்டுரையின் நடுவில் எழுதினார். ஆதாரமற்ற தகவல் என்று மலர்விழி நீக்கினார். மறுபடி எழுதினார். மறுபடி நீக்கம். பிறகு வேறு பெயரில் வந்தார். ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்தால் கைப்பாவைக் கணக்கு என்று தடை செய்வது நம் விதி. எனக்கும் நிர்வாகி அதிகாரம் இருந்ததால், 'மறைந்தவரின் பெயரில் போலி' என்று காரணம் எழுதி நானே தடை செய்தேன். பக்கத்தையும் பூட்டினேன். தன் மரணத்தை மறுத்த குற்றத்துக்காக ஒரு மனிதரைத் தடை செய்தது உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதற்கும் ஆதாரம் தேவை.

"கவருமெண்ட்டுக்கு வருசா வருசம் போயி உசுரோட இருக்கறேன்னு கட்ட வெரல வெச்சுட்டு வாரேன்" என்றார் போனில். "உங்க ஆளுங்களுக்கு எந்த வெரல வெக்கோணும்னு சொல்லுங்க பாய்."

அரசுச் சான்றிதழை நேரடியாக ஏற்க மாட்டோம், பத்திரிகையில் வந்தால்தான் ஆதாரம் என்று அவருக்கு விளக்கினேன். பத்திரிகைகளுக்கு இப்போது எழுதினால் விசாரணை கெட்டுவிடும், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். நம்பினார். அந்த ஊரில் அவரைத் தேடிப் போகிற ஒரே ஆள் நான்தான். வாரம் ஒருமுறை போய்வரத் தொடங்கினேன். மாத்திரை, பிஸ்கட், ஒரு நல்ல கைப்பை. அவருக்குக் கைப்பை எதற்கென்று கேட்காதீர்கள். என்னிடம் அதுதான் இருந்தது.

அதற்கு நடுவில் கயல்விழியின் கடிதம் திட்டத்தின் மின்னஞ்சலுக்கு வந்தது. அந்தப் பெட்டியைத் திறக்கிறவன் நான் மட்டும்தான். தான் அவருடைய மகள் என்றும், பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்ததாகவும், அவர் இறந்தது சேந்தமங்கலத்தில் எந்தத் தெரு என்றும் கேட்டிருந்தார். மாலை நாளிதழைப் பார்த்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். 'அம்மா, உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார்.' இதைவிட நல்ல செய்தியை ஒருவர் யாருக்கு எழுதிவிட முடியும்? அனுப்பும் முன் இன்னொரு தடவை படித்தேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்தது. அப்படியானால் செத்தார் என்று எழுதியது யார்? அதற்கான பதிலில் பேனரும் நினைவு இயக்கமும் மலர்விழியின் மேற்கோளும் வரிசையாகச் சரிந்தன. கடைசியாக என் பெயர். அந்த வரியை அழித்துவிட்டு, அவர் இறுதி நாள்களில் சொந்த ஊரான பரமத்தி வேலூருக்கே போய்விட்டார் என்றும், அமைதியாகக் காலமானார் என்றும், நண்பர்கள் சேர்ந்து எரியூட்டி அஸ்தியைக் காவிரியில் கரைத்தோம் என்றும் எழுதினேன். புதைத்ததாகச் சொல்லியிருந்தால் இடம் காட்ட வேண்டும். காவிரி ரசீது கொடுப்பதில்லை.

இடம் காட்டத்தான் வேண்டியிருந்தது. கயல்விழி வந்தார். வேலூர்ப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து நானே ஆற்றுக்கு அழைத்துப் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும், அப்பாவின் தாடை. கரையில் ஒரு பூவரச மரத்தின் பக்கம் கையைக் காட்டி, "இங்கதாம்மா" என்றேன். காரியம் செய்து வைக்கிறவர் இறந்த திதியைக் கேட்டார். எனக்குத் திதியெல்லாம் தெரியாது என்றேன். "தெரியாட்டி அமாவாசைன்னு வெச்சுக்கலாமுங்க" என்றார். அவர் நம் களஞ்சியத்தில் சேர்ந்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

தண்ணீரில் நின்றபடியே அந்தப் பெண் கேட்டார்: "ஏனுங்கண்ணா, எங்கப்பா என்னையக் கேட்டாருங்களா?"

"கேட்டாரும்மா. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

'கடைசி' என்ற ஒரு சொல்லைத் தவிர அந்தப் பதிலில் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. நான் அழுதேன். நடிப்பில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். மரத்தடியிலிருந்து ஒரு பிடி மணலைச் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டு, "இனித் தேட வேண்டியதில்லைங்கண்ணா. அந்த மட்டுக்கும் நிம்மதி" என்றார். படையலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு சீப்புப் பழத்தை, "புள்ளைங்களுக்குக் கொண்டு போங்க" என்று என் கையில் கொடுத்தார். பேருந்து ஏறும்முன் அவருடைய எண்ணையும் கொடுத்தார்.

அன்று மாலையே சேந்தமங்கலம் போனேன். பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. அங்கமுத்து ஐயா ஒன்றை உரித்து வாயில் போட்டதுமே நிமிர்ந்தார்.

"இது எங்கூருப் பூவம்பழமாச்சே. எங்கீங்க புடிச்சீங்க?"

"தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு குடுத்துச்சுங்கய்யா."

"நல்ல புள்ளையா இருக்கோணும்" என்று சொல்லி இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அந்த மாலையில்தான் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் கயல்விழி வந்திருப்பாரா? மூஞ்சியில் முழிக்காதே என்று சொன்ன அப்பனைத் தேடி எந்த மகள் லீவு போட்டு வருவாள்? செத்தார் என்றதால்தானே வந்தார்? பார்க்கப்போனால், அவரை வரவழைத்ததே நான்தான். இந்த எண்ணம் வந்தபிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனாலும் யாராவது ஒருவர் 'ஆமாம்' என்று சொன்னால் தேவலை போலிருந்தது. ஊர் பேர் சொல்லாமல், யாருக்கோ நடந்த மாதிரி சபீஹாவிடம் கேட்டேன். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். அறிவழகனிடம் கேட்டேன். "உசுரோட இருக்கற மாமனார் ஊட்டுக்கு நான் போறதில்லீங்க பாய், ஆனா கெடாவெட்டுக்குப் போவேன்" என்றார். மலர்விழியிடம் கேட்டேன். "நடக்காததுக்கு ஏதுங்கண்ணா ஆதாரம்?" என்றார்.

மழைக்காலம் வந்ததும் ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. போகிற போதெல்லாம் ஒரே கேள்வி. "பக்கத்தத் திருத்திட்டாங்களா பாய்?" ஒருநாள், ஆம் என்றேன். அவர் நம்பவில்லை, காட்டச் சொன்னார். நம் களஞ்சியத்தில் புதியவர்கள் எழுதிப் பழக மணல்தொட்டி என்று ஒரு பக்கம் உண்டு. அதில் பழைய கட்டுரையை நகலெடுத்து, இறப்பை நீக்கி, 'தற்போது சேந்தமங்கலத்தில் வசிக்கிறார்' என்ற வரியைச் சேர்த்து, கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போனால் முகம் மழித்திருந்தார். சட்டை சலவை செய்து ஆணியில் தொங்கியது. நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார். "வேலைக்குப் போறவ. வந்தா ஞாயித்துக்கெழமதான் வருவா" என்று கணக்குப் போட்டார். பக்கத்துக் கடையில், பெங்களூர்ப் பெண் யாராவது வழி கேட்டால் வீட்டைக் காட்டும்படி சொல்லி வைத்திருந்தார். அத்தனை சந்தோஷமாக ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அதை அவருக்குக் கொடுத்தது நான். இதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூச்சுத் திணறி நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று என் பெயரைத்தான் கொடுத்தேன்.

"ஊட்டுக்கு ஆராச்சும் வந்தாங்களா பாய்?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றேன். அது உண்மை.

மூன்று நாள் கிடந்தார். கயல்விழியின் எண் என் சட்டைப் பையில் இருந்த கைப்பேசியில் இருந்தது. பெங்களூரிலிருந்து நாமக்கல் அரைநாள் பயணம். ஒருமுறை எண்ணை எடுத்து அழுத்தப் போனேன். அவர் வந்து நின்றால், ஆற்றங்கரையில் என்னைத் தேற்றியதை நினைப்பாரே என்று தோன்றியது. திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். நான்தான் அவர் வாயில் பால் விட்டேன். இதுதான் வாக்குமூலம். மேலே எழுதியதெல்லாம் முன்னுரை.

வெளியே வந்து நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது, கட்டுரை இப்போது சரியாகிவிட்டது என்பதுதான். ஆண்டுகூட மாறவில்லை.

மலர்விழி இல்லாவிட்டால் அது அப்படியே இருந்திருக்கும். சேந்தமங்கலத்துப் பண்ணை ஒன்றில் தணிக்கைக்குப் போனவரிடம் பண்ணைக்காரர், கம்ப்யூட்டர் வாத்தியார் கருமாதிக்குப் போய்விட்டு வந்ததால் தாமதம் என்றிருக்கிறார். எந்த வாத்தியார் என்று மலர்விழி கேட்டிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"ஒரே ஆளு ரெண்டு தடவ செத்திருக்காருங்க. எந்தத் தடவைக்கு நான் ஆதாரம் போட்டேன்?"

தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"போலின்னு நீக்குனேனே, அந்த வரி ஒவ்வொண்ணையும் அவருதான் எழுதுனாரா? என்ற கையால நானே அழிச்சேனா?"

தலையாட்டினேன். அன்று அவர் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. அவர்தான் உங்களுக்கு எழுதினார். கயல்விழியிடமும் அவரே பேசினார்.

குடும்பத்தாரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. நேற்றுக் கயல்விழியை அழைத்தேன். எடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குமுன் அந்தக் கேள்வி வந்துவிட்டது. எத்தனை பேரிடம் கேட்டும் ஒருவரும் பதில் சொல்லாத கேள்வி. சேந்தமங்கலத்தில் உயிரோடு இருக்கிறார் என்று போட்டிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்தானே அம்மா, இறந்துவிட்டார் என்றதால்தானே வந்தீர்கள் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அதை அணைத்துவிட்டு வந்து பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"மொதல்ல அப்படித்தானுங்க போட்டிருந்துச்சு. சேந்தமங்கலத்துல இருக்காருன்னு. நான் அதத்தான் படிச்சேன். படிச்ச அன்னைக்கே லீவு சொல்லி, சனிக்கெழம காலைல ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டேன். தெரு பேரு எதாச்சும் போட்டிருக்குதான்னு வெள்ளிக்கெழம சாயங்காலம் மறுக்காத் தொறந்து பாத்தேனுங்க."